ஒரே புத்தகத்தைச் சுற்றி நின்ற பையன்கள்

வாசகர் கேள்வி பதில் – இசைப் பக்கம்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தேன். சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தேவாலயத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு பாடற்குழு பழகுகிறது, தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் கலந்த குழு, இப்போது பலெஸ்த்ரினா என்ற இத்தாலியரின் ‘சீகுத் செர்வூஸ்’ பாட்டை எடுத்திருக்கிறார்கள், செம்பனை லாரி போகிற சத்தத்துக்கு நடுவே அது சன்னல் வழியாக வந்தபோது சோற்றுக் கையோடு எழுந்து போய் நின்று கேட்டேன் என்று. அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்களும் புலனச் செய்திகளும் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் வேறு எதுவும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஒரு சின்ன ஊர்ப் பையன் எப்படிப் பாடக் கற்றான், எப்படி வேலைக்குப் போனான் என்பது மட்டும்தான்.

கேள்வி: ஐயா, நீங்கள் எழுதிய அந்தப் பாடற்குழுவில் நான் ஆல்ட்டோ (மேலிருந்து இரண்டாவது குரல்) பாடுகிறேன், படிவம் 5 படிக்கிறேன். பாட்டை எழுதியவர் பெரிய மேதை என்று மட்டும் எங்களிடம் சொன்னார்கள். அவர் எந்த ஊர், யாரிடம் படித்தார்? (மாணவி, சுங்கை சிப்புட்)

பெயரிலிருந்தே தொடங்கலாம்மா. அவர் பெயர் ஜொவான்னி பியெர்லூயீஜி. பலெஸ்த்ரினா என்பது ஊர்ப் பெயர். காருக்குறிச்சி அருணாசலம், செம்மங்குடி சீனிவாச ஐயர் என்று நாம் ஊரை முன்னால் வைத்துச் சொல்கிறோம் இல்லையா, அவர்கள் பின்னால் வைத்தார்கள், காலப்போக்கில் ஆளின் பெயர் உதிர்ந்து ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. ரோமுக்குக் கிழக்கே, மலைச்சரிவில் இருக்கிற சின்ன ஊர் அது. இங்கிருந்து ஈப்போ போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரத்தில் ரோம் நகரம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவருடைய இளமைக் காலம் முழுக்க அந்தச் சாலையில் போவதும் வருவதுமாகத்தான் இருந்தது.

1525 வாக்கில் பிறந்தார். 1527இல் அவருடைய பாட்டி எழுதிவைத்த உயிலில் இந்தப் பேரனின் பெயர் இருக்கிறது. அப்புறம் பத்து வருடம் கழித்து, 1537இல், ரோமில் உள்ள சாந்தா மரியா மஜ்ஜோரே என்ற பெரிய மாதா கோயிலின் பாடற்சிறுவர் பட்டியலில் அதே பெயர் வருகிறது. அப்போது வயது 12 இருக்கும். குரல் உடையாத பையன்கள்தான் மேல்சுருதி பாடுவார்கள், பெண்கள் கோயிலில் பாட அந்தக் காலத்தில் இடம் இல்லை, அதனால் நல்ல குரல் உள்ள சிறுவர்களைத் தேடிப் பிடித்து, கோயிலே சோறு போட்டு, துணி கொடுத்து, படிக்கவைத்து வளர்க்கும். பையன் தன் குரலைக் கொடுக்கிறான், கோயில் அவனுக்குப் படிப்பைக் கொடுக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இசையை முறையாகக் கற்க அன்றைக்கு ஐரோப்பாவில் இருந்த பெரிய வழி இதுதான்.

அந்த ஆண்டுகளில் அங்கே பாடற்குழுத் தலைவர்களாக இருந்தவர்களில் ரோபின் மல்லாப்பேர், ஃபிர்மின் லெபெல் என்ற இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர்கள். இது தற்செயல் இல்லை. அப்போது இத்தாலியில் தேவாலய இசையின் பெரிய கைகள் எல்லாம் வடக்கே பிரான்சு, ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஜோஸ்கான் தே ப்ரே என்ற பெரியவர் போப்பாண்டவரின் குழுவிலேயே பாடியிருக்கிறார், 1521இல் இறந்துவிட்டார், ஆனால் அவருடைய பாட்டுகள் ரோமில் ஓயவில்லை. ஆக இன்றைக்கு நாம் ‘சுத்தமான ரோம் இசை’ என்று சொல்கிற பலெஸ்த்ரினா, சின்ன வயதில் வாய் நிறையப் பாடியது வெளியூர்க்காரர்களின் இசையைத்தான்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. கீபோர்டு வகுப்பில் மூன்று மாதமாக ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறான், மாதம் 80 வெள்ளி கட்டுகிறேன். நீங்கள் சொல்கிற அந்தக் காலத்துப் பையன்களுக்கு என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்? (தாயார், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

டீச்சர், இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் கை. உங்கள் இடது உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே பிடியுங்கள். கட்டைவிரல் நுனியைத் தொட்டால் அதுதான் இருப்பதிலேயே கீழான சுரம். அங்கிருந்து கட்டைவிரல் வழியாக இறங்கி, மற்ற விரல்களின் அடிக்கணுக்களைத் தாண்டி, சுண்டுவிரலில் ஏறி, விரல் நுனிகளைச் சுற்றிக்கொண்டு, சுருண்டு சுருண்டு உள்ளே வந்தால் 19 இடம். 20ஆவது சுரத்துக்குக் கையில் இடம் போதாமல் நடுவிரல் நுனிக்கு மேலே காற்றில் வைத்துவிட்டார்கள். ஆசிரியர் தன் கையைத் தொட்டுக் காட்டக் காட்ட, பையன்கள் பாட வேண்டும். புத்தகம் வேண்டாம், பலகை வேண்டாம். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரெட்சோ ஊர் குயிதோ என்ற துறவியின் பெயரால் அதைக் குயிதோவின் கை என்பார்கள். நம்மிடமும் சாமவேதம் ஓதுகிறவர்கள் விரல் கணுக்களைத் தொட்டுச் சுரம் காட்டுகிற வழக்கம் இருக்கிறது, அதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

நமக்கு ஏழு எழுத்து, அவர்களுக்கு ஆறு: ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. மி-க்கும் ஃபா-வுக்கும் நடுவில் மட்டும் அரைப்படி, மற்றதெல்லாம் முழுப்படி. பாட்டு ஆறு சுரத்தைத் தாண்டி மேலே போனால், பாடிக்கொண்டிருக்கும்போதே வழியில் ஒரு சுரத்துக்குப் பெயரை மாற்றி அடுத்த ஆறுக்குள் ஏறிக்கொள்ள வேண்டும். கிரகபேதம், அதாவது ஆதார சுரத்தை மாற்றி வேறு ராகம் காட்டுவது, பழகியவர்களுக்கு இதன் கஷ்டமும் தெரியும், சுகமும் தெரியும். 12 வயதுப் பையன் இதைத் தினமும் செய்தால், அரைப்படி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவன் காதுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

இரண்டாவது, புத்தகம். இதை நினைத்தாலே எனக்கு என் சின்ன வயது ஞாபகம் வந்துவிடும். ஆளுக்கு ஒரு தாள் எல்லாம் கிடையாது. ஒரு தாங்கியில் மிகப் பெரிய புத்தகம் ஒன்று விரிந்திருக்கும், குழு முழுக்க அதைச் சுற்றி நிற்கும். இடப்பக்கம் மேலே சோப்ரானோ என்கிற உச்சக் குரலின் வரி, அதன் கீழே ஆண்களின் மேல்குரலான டெனர். வலப்பக்கம் மேலே ஆல்ட்டோ, கீழே அடிக்குரலான பாஸ். நான்கு குரலும் தனித்தனியாக எழுதியிருக்கும், ஒன்றின் கீழ் ஒன்று அடுக்கியிருக்காது, தாளக்கோடும் இருக்காது. அதாவது உங்கள் வரியை மட்டும்தான் நீங்கள் பார்க்கிறீர்கள், மற்ற மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால் விரல் வைத்துப் பார்க்கக்கூட வழி இல்லை. ஒருவர் கையைக் கீழே மேலே அசைத்துக் காலம் காட்டுவார், அது மட்டும்தான் பிடிமானம்.

நான் பிறந்து வளர்ந்தது இங்கே பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை இரவு தேவார வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுத்தவர் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பால் மரம் வெட்டி, மத்தியானம் ஸ்டோரில் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்தான். ஒரே ஒரு புத்தகம், அட்டை போய்ச் சணலால் தைத்தது. ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்போம். குள்ளமானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால், நான் எப்போதும் எதிர்ப்பக்கம் மாட்டிக்கொள்வேன், அதனால் எழுத்தைத் தலைகீழாகப் படிக்கப் பழகினேன். பாதி வரி கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவனின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். அன்றைக்கு அது வறுமை என்று நினைத்தேன். பின்னால் இசை சொல்லிக்கொடுக்க வந்தபோதுதான் என் காது அங்கேதான் உருவானது என்று புரிந்தது. ரோமில் அந்தப் பையனுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

மூன்றாவது, எழுதாமல் பாடுவது. ஒருவர் கோயிலின் பழைய ஒற்றைக்குரல் பாட்டை நீட்டி நீட்டிப் பாடுவார், இன்னொருவர் அதன்மேல் அந்த இடத்திலேயே புதிதாக ஒரு குரலைக் கட்ட வேண்டும், எந்தச் சுரம் எதோடு சேரும், எது உரசும், உரசினால் எப்படி இறக்கிவிடுவது என்பதெல்லாம் அந்த நேரத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். கற்பனைச் சுரம் பாடுகிறவர்கள் ராகத்தின் எல்லைக்குள் ஓடுவதைப் போல. எதிர்க்குரல் கட்டும் அந்தக் கலையின் வேர் இந்த வாய்ப்பழக்கத்தில் இருக்கிறது, தாளில் எழுதுவது பின்னால் வந்தது.

இவற்றோடு லத்தீன் மொழியும் உண்டு, பாடுகிற வார்த்தைக்குப் பொருள் தெரிய வேண்டுமே.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் ஒரே பாட்டு என்பது தப்பு இல்லை, அந்தப் பாட்டை அவன் வாயால் பாடுகிறானா என்பதுதான் கேள்வி. வாத்தியாரிடம் கேட்டுப் பாருங்கள், வாசிப்பதற்கு முன்னால் சுரம் சொல்லிப் பாட வைப்பாரா என்று. வைக்கமாட்டேன் என்றால் வாரம் ஒரு நாள் கோயில் தேவார வகுப்பிலோ பஜனையிலோ கொண்டுபோய் விடுங்கள். அதற்கு 80 வெள்ளி வேண்டியதில்லை. கூட்டத்தோடு சேர்ந்து பாடாத பிள்ளைக்கு விரல் ஓடும், காது ஓடாது. நான் முப்பது வருடம் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: அவர் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துக் காய்கறிகளை ரோமுக்குக் கொண்டுபோய்த் தெருவில் பாடிக்கொண்டே விற்றார், அதைக் கேட்ட தேவாலயத்துக்காரர் அழைத்துப் போய்ச் சேர்த்துக்கொண்டார் என்று படித்தேன். உண்மையா? (வாசகர், கோலகங்சார்)

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது அவர் காலத்துக்குப் பின்னால் வந்த கதை. கையில் இருக்கிற சான்று 1537ஆம் ஆண்டுப் பட்டியல்தான். எனக்கு இந்தக் கதையில் உள்ள குறை வேறு: தெருவில் பாடிய பையனை ஒரு பெரிய மனிதர் கேட்டார், வாழ்க்கை மாறியது என்று சொன்னால், அதற்குப் பிறகு அவன் பல வருடம் தாங்கி முன்னால் நின்று பழகியது மறைந்துபோகிறது.

கேள்வி: நான் தோட்டத்தில் 34 ஆண்டுகள் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன். கணக்கு எழுதியவன் என்பதால் கேட்கிறேன், இசையை நம்பி அவரால் குடும்பம் நடத்த முடிந்ததா? (வாசகர், சுங்கை சிப்புட்)

முடிந்தது ஐயா, ஆனால் லேசாக இல்லை.

1544 அக்டோபரில், 19 வயதில், சொந்த ஊருக்கே திரும்புகிறார். ஊர்ப் பேராலயமான சாந்த் அகாபீத்தோவில் ஆர்கன் வாசிப்பவர் வேலை. ஒப்பந்தம் தெளிவாக இருக்கிறது: திருநாள்களில் ஆர்கன் வாசிக்க வேண்டும், தினமும் பூசையிலும் மாலை, இரவு வழிபாடுகளிலும் பாட வேண்டும், குருக்களுக்கும் சிறுவர்களுக்கும் இசை சொல்லிக்கொடுக்க வேண்டும். கூலியாக, பேராலயக் குருக்களில் ஒருவருக்குக் கிடைக்கிற வருமானத்துக்குச் சமமான பங்கு. 1547இல் லுக்ரேத்சியா கோரி என்ற உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு வருடத்தில் ரொடோல்ஃபோ பிறந்தான்.

இந்த ஏழு வருடத்தைப் புத்தகங்களில் இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரோமில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, கையில் என்ன குரல் கிடைக்கிறதோ அதை வைத்துத் தினமும் பாட வைத்தவர் அவர். எந்தச் சுரத்தில் பையனின் மூச்சு நிற்கிறது, எந்தத் தாவலில் வயதான குருவின் குரல் தடுமாறுகிறது என்பதை அந்த இடத்தில்தான் கண்டுகொள்ள முடியும். அவருடைய பாட்டுகளில் குரல் பெரிய தாவல் தாவினால் உடனே படிப்படியாகத் திரும்பி இறங்கும், மூச்சு வாங்க இடம் இருக்கும், சாதாரணப் பாடகனின் தொண்டைக்கு ஒத்துப் போகும். பழக்கிப் பார்த்தவர் எழுதியது என்று பாடும்போதே தெரியும்.

அப்புறம் நடந்தது அதிர்ஷ்டம். பலெஸ்த்ரினா ஊருக்கு ஆயராக இருந்தவர் கர்தினால் ஜொவான்னி மரியா தெல் மோந்தே. 1550 பிப்ரவரியில் அவர் போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்றாம் யூலியுஸ் ஆகிறார். அடுத்த ஆண்டே நம் ஆளுக்கு ரோமில் தூய பேதுரு பெருங்கோயிலின் ‘கப்பெல்லா யூலியா’ பாடற்குழுத் தலைவர் வேலை. யாருக்குப் பிறகு தெரியுமா, சின்ன வயதில் மாதா கோயிலில் தலைவராக இருந்த அதே மல்லாப்பேருக்குப் பிறகு. 1554இல் முதல் புத்தகம் அச்சாகிறது, ஐந்து பூசைப் பாடல் தொகுப்புகள், போப்பாண்டவருக்கே காணிக்கை. முகப்பில் மண்டியிட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுப்பதுபோல் படம். அந்த மரச்செதுக்கு அச்சுக்கட்டைகூடப் புதிது இல்லை, பத்து வருடத்துக்கு முன்னால் அதே அச்சகத்தார் மொராலெஸ் என்ற ஸ்பெயின்காரரின் புத்தகத்துக்குச் செய்ததை மாற்றித் திருத்திப் போட்டார்கள். இளம் ஆளின் முதல் புத்தகம், செலவைப் பார்க்க வேண்டும் இல்லையா.

1555 ஜனவரியில் அதைவிட உயர்ந்த இடம்: போப்பாண்டவரின் சொந்தப் பாடற்குழுவான சிஸ்தீன் கப்பெல்லா. மார்ச்சில் யூலியுஸ் இறந்துவிட்டார். அடுத்து வந்த இரண்டாம் மர்செல்லுஸ் மூன்றே வாரத்தில் காலமானார். அந்த மூன்று வாரத்துக்குள் வந்த பெரிய வெள்ளியன்று அவர் பாடகர்களை அழைத்து, நாளுக்குத் தக்கபடி பாடுங்கள், வார்த்தை காதில் விழும்படி பாடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்போது பலெஸ்த்ரினா அந்தக் குழுவில் இருந்தார். பின்னால் 1567இல் அவர் அச்சிட்ட பூசைப் பாடல் ஒன்றுக்கு அந்த மர்செல்லுஸின் பெயரையே வைத்தார்.

மூன்றாவதாக வந்த நான்காம் பவுல் கண்டிப்பானவர். சிஸ்தீன் குழுவில் இருப்பவர்கள் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்தார். ஜூலை முடிவில் மூன்று பேருக்கு வேலை போனது, மூன்று பேரும் குடும்பஸ்தர்கள். பலெஸ்த்ரினா வேலையில் இருந்தது ஏழு மாதம்கூட இல்லை. வயது 30, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று.

இரண்டே மாதத்தில், அக்டோபரில், ரோமிலேயே உள்ள லாத்தரன் பெருங்கோயிலில் பாடற்குழுத் தலைவராகச் சேர்ந்தார். கொஞ்ச காலத்துக்கு முன்னால் அதே வேலையில் இருந்தவர் ஓர்லாந்தோ தி லாஸ்ஸோ, இருபது வயதை ஒட்டிய இளைஞர், பின்னால் மியூனிக்கில் போய்ப் பெரும்பெயர் எடுத்தவர். லாத்தரனில் பலெஸ்த்ரினாவுக்கு ஐந்து வருடம். 1560இல் திடீரென்று விலகிவிட்டார், அங்கேயே சிறுவனாகப் பாடிக்கொண்டிருந்த மகன் ரொடோல்ஃபோவையும் அழைத்துக்கொண்டு. பாடற்சிறுவர்களைப் பராமரிக்கிற செலவில் நிர்வாகம் கை வைத்ததுதான் காரணம். கோயில் சோற்றில் வளர்ந்த ஆள் அவர். அந்தச் சோற்றைக் குறைத்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அடுத்த ஆண்டு எங்கே சேர்ந்தார் என்றால், 12 வயதில் நின்ற அதே சாந்தா மரியா மஜ்ஜோரேயில், இந்த முறை தலைவராக. 1571இல் மறுபடியும் கப்பெல்லா யூலியாவுக்குப் போய் 1594இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

கேள்வி: சுருக்கமாகச் சொன்னால் கேபிள், அதாவது பெரிய இடத்துச் செல்வாக்கு, இருந்ததால் மேலே வந்தவர்தானே? (இளைஞர், ஈப்போ)

தம்பி, கேபிள் இருந்தது, மறைக்கவில்லை. சிஸ்தீன் குழுவின் நாட்குறிப்பிலேயே, தேர்வு இல்லாமல், பாடகர்களின் சம்மதம் இல்லாமல், போப்பாண்டவர் கட்டளையால் சேர்த்தது என்று பதிவாகியிருக்கிறது. கூட இருந்தவர்களுக்கு மனக்கசப்பு இருந்திருக்கும். ஆனால் அந்தக் கேபிள் ஐந்து வருடத்தில் அறுந்துவிட்டது. ஆதரித்தவர் இறந்தார், வேலை போனது, அதற்குப் பிறகு சுமார் 40 வருடம் ரோமின் பெரிய கோயில்கள் அவரை மாற்றி மாற்றி அழைத்தன. அந்த 40 வருடத்துக்கு யாருடைய சிபாரிசும் காரணம் இல்லை.

கேள்வி: பாட்டு எழுத அவர் யாரிடம் கற்றார்? நான் சொந்தமாக மெட்டு போடுகிறேன், எல்லாம் எங்கேயோ கேட்டதுபோலவே வருகிறது. (வாசகர், தைப்பிங்)

எங்கேயோ கேட்டதுபோல வந்தால் பயப்பட வேண்டாம், அவர் அதை மறைக்கவே இல்லை. நமக்குத் தெரிந்து 104 பூசைத் தொகுப்புகள் எழுதியிருக்கிறார், அவற்றில் ஏறக்குறைய பாதி, வேறொருவரின் பாட்டையோ தன்னுடைய பழைய பாட்டையோ கையில் எடுத்து, அதன் இழைகளைப் பிரித்து, வேறு விதமாக நெய்தவை. அன்றைக்கு அது திருட்டு இல்லை, மரியாதை. 1570இல் மாந்துவா நாட்டுக் கோமகன் தான் எழுதிய ஒரு பாட்டை அனுப்பிக் கருத்துக் கேட்டபோது, இவர் அதன் குரல்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினார். 45 வயதிலும் அடுத்தவரின் பாட்டைக் கையால் எடுத்து எழுதிப் பார்க்கிறார். நீங்களும் செய்யுங்கள், பிடித்த ஒரு பாட்டை முழுசாக ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒரு சுரம் விடாமல். பத்துப் பாட்டு எழுதின பிறகு உங்கள் மெட்டு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும், எதை மாற்றலாம் என்றும் தெரியும்.

அவர் இறந்து 131 வருடம் கழித்து, 1725இல், வியன்னாவில் ஃபுக்ஸ் என்பவர் எதிர்க்குரல் எழுதுவதற்கு ஒரு பாடநூல் போட்டார். ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொள்வதுபோல் எழுதிய புத்தகம். ஆசிரியரின் பெயர் அலோய்சியுஸ், அது பலெஸ்த்ரினாதான். மாணவனாக ஃபுக்ஸ் தன்னையே வைத்துக்கொண்டார். ஹைடனும் பீத்தோவனும் அந்தப் புத்தகத்தில் பழகியவர்கள்.

கேள்வி: பெண்பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் வழியே இல்லையா? (முதல் கேள்வி கேட்ட அதே மாணவி)

பேராலயப் பாடற்குழுவில் இல்லை. அந்தக் கதவு மூடியே இருந்தது, நியாயம் இல்லாத கதவு. ஆனால் கன்னியர் மடங்களில் பெண்கள் நான்கு குரலும் தாங்களே பாடினார்கள். ஃபெர்ராரா அரண்மனையில் 1580 முதல் பெண் பாடகிகளின் குழு ஒன்று ஊரெல்லாம் பேசும்படி இருந்தது. அப்புறம் இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளம்மா: மத்தலேனா கஸுலானா. 1568இல் வெனிஸில் தன் பாடல்களைத் தன் பெயரிலேயே புத்தகமாக வெளியிட்டார், அப்படி முழுப் புத்தகம் அச்சிட்ட முதல் பெண். மெதீச்சி குடும்பத்து இசபெல்லாவுக்குக் காணிக்கை ஆக்கினார். பலெஸ்த்ரினாவின் மர்செல்லுஸ் பூசை வெளிவந்த அடுத்த ஆண்டு. உங்கள் குழு அவருடைய பாட்டு ஒன்றையும் எடுத்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

கேள்வி: அந்தப் பாடற்குழுவை நடத்துவது நான்தான். 11 பேர் இருக்கிறோம். ‘சீகுத் செர்வூஸ்’ தொடங்கினால் எட்டாவது வரிக்குள் எல்லோரும் சோப்ரானோ பின்னால் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்? (சுங்கை சிப்புட்)

சார், சன்னலில் நானும் கேட்டேன். குரலில் குறை இல்லை. எல்லோரும் ஆளுக்கொரு தாளில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். மான் நீரோடைக்கு ஏங்குவதுபோல் என் ஆன்மா உனக்காக ஏங்குகிறது என்ற சங்கீத வரி அது. முதலில் டெனர் ஏங்கத் தொடங்குகிறான், அடுத்து ஆல்ட்டோ, அப்புறம் சோப்ரானோ, கடைசியில் பாஸ். நான்கு பேரும் ஏறக்குறைய அதே மெட்டைத்தான் எடுக்கிறார்கள். அதனால் முதல் வாரம் குரல் பிரிக்காதீர்கள், டெனரின் தொடக்கத்தை 11 பேரும் சேர்ந்து பாடட்டும், வார்த்தை இல்லாமல், சுரம் சொல்லி. மெட்டு எல்லோர் வாயிலும் ஊறிய பிறகு, வரிசையாக நுழையச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் முன்னால் நுழைந்தவருக்குப் பதில் சொல்கிறோம் என்று உணர்ந்தால் சோப்ரானோ பின்னால் ஓட மாட்டார்கள்.

அப்புறம் ஒரு வாரம் தாள்களை எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். சுரத்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பழைய பாட்டுதானே, யாருக்கும் காசு கட்ட வேண்டாம். அதைப் பெரிய மணிலா அட்டையில் கையால் எழுதுங்கள், இடப்பக்கம் சோப்ரானோவும் டெனரும், வலப்பக்கம் ஆல்ட்டோவும் பாஸும், நான் மேலே சொன்ன மாதிரியே. குள்ளமானவர்களை முன்னால் நிறுத்துங்கள். ஒன்று மட்டும் கவனம்: நான்கு குரலும் ஒரே நேரத்தில் பக்கத்தின் கடைசிக்கு வரும்படி எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் பாடி முடிக்குமுன் அட்டை திரும்பிவிடும். அந்தக் காலத்து எழுத்தர்கள் இதற்காகவே எண்ணி எண்ணி எழுதினார்கள். அட்டை திருப்ப ஓர் ஆள் தனியாக வேண்டியிருக்கும். சனிக்கிழமை மாலை நான் வீட்டில்தான் இருக்கிறேன், பின்வாசல் வழியாக வந்தால் இரண்டு நிமிடம்.